டார்ஜிலிங் மலையில் ஒரு சீன அறிஞர்: காங் யூ-வெய் சரித்திரம்

சீன தேசத்திலிருந்து நமது நாட்டிற்கு வந்த பெரியோர் யாவர் எனக் கேட்டால், பாஹியான், யுவான் சுவாங், இத்சிங் என்னும் மூவர் பெயரை நம் சங்கத்துச் சிறுவரும் தடையின்றிச் சொல்லுவர். யுவான் சுவாங் காஞ்சி மாநகர் வரை வந்து சென்றவராதலின் அவர்பால் நமக்கு உரிமை அதிகம். ஆனால் 1901ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் இந்தியா வந்து, டார்ஜிலிங் மலையில் 1903 மே மாதம் வரை தங்கியிருந்த மற்றொரு சீனரை நம்மில் அறிந்தவர் மிகச் சிலரே. அவர் பிக்ஷு அல்லர்; சூத்திரப் பிரதிகளைத் தேடி வந்தவரும் அல்லர். தம் நாட்டு அரசினரால் தலைக்கு விலை கூறப்பட்டு, ஊர் ஊராய் ஒதுங்கி, மகள் ஒருத்தியுடன் வந்து சேர்ந்த அரசியல் அகதி அவர். காங் யூ-வெய் என்பது அவர் பெயர்.

அண்மைக் காலத்தில் சீனத்தில் கன்பூசியஸின் கொள்கைகள் மீண்டும் அரசியல் பேச்சில் தலையெடுத்து வருவதாகப் பத்திரிகைகள் எழுதுகின்றன. நம் கூட்டங்களிலும் இளைஞர்கள் இதைப்பற்றி என்னிடம் வினவுகின்றனர். கன்பூசிய மதம் சமத்துவத்திற்கு நண்பனா பகைவனா என்பதே அவர்கள் கேட்பதன் சாரம். பஞ்சாலையில் இரவு ஷிப்டு முடித்து, காலைச் சங்கு ஊதிய பின் விளக்கடியில் எழுத்துக்கூட்டிப் படித்தவன் நான். பண்டிதர்களுக்கு உரிய விடையை என்னால் சொல்ல இயலாது. ஆயினும் இக்காலத்துக் கன்பூசியர் பலரும் தம் முன்னோராகக் கொண்டாடும் ஒருவருடைய வாழ்க்கையைச் சொன்னால் விடையின் பெரும் பங்கு அதிலேயே கிடைக்கும் என எண்ணி இதனை எழுதத் துணிந்தேன்.

காங் யூ-வெய் 1858 மார்ச் 19ஆம் நாள், தென்சீனத்தில் குவாங்டுங் மாகாணத்தைச் சேர்ந்த நான்ஹாய் வட்டத்தில் பிறந்தார். தலைமுறை தலைமுறையாகக் கல்வியிலும் அரசுப் பணியிலும் இருந்த குடும்பம் அது. 1868இல் தந்தை இறந்தார். கல்வி அதிகாரியாயிருந்த பாட்டனார் பேரனைத் தம்முடன் வைத்துக்கொண்டு கன்பூசிய நூல்களைக் கற்பித்தார். சிறுவன் எதற்கெடுத்தாலும் முனிவர், ஞானி என்றே பேசியபடியால் ஊரார் ஞானி என்று கேலிப் பெயரிட்டு அழைத்தனர். கேலி செய்தவர்கள் மறந்தார்கள்; அழைக்கப்பட்டவர் மறக்கவில்லை. தாம் உலகைத் திருத்தப் பிறந்தவர் என்னும் எண்ணம் இறுதிவரை அவரை விட்டு அகலவே இல்லை. அவருடைய பெருமைக்கும் சிறுமைக்கும் இதுவே வித்தாயிற்று.

1877இல் பாட்டனாரும் வெள்ளத்தில் சிக்கி மாண்டார். அக்காலத்தில் காங், ஜூ ட்ஸூ-சி என்னும் மூத்த ஆசிரியரிடம் பயின்றுகொண்டிருந்தார். 1878ஆம் ஆண்டின் இறுதியில் அவர் உள்ளத்தில் ஒரு பெருங் கொந்தளிப்பு எழுந்தது. படித்த நூல்களெல்லாம் பயனற்றவையெனத் தோன்ற, ஏடுகளை மூடிவைத்துவிட்டுத் தனியே அமர்ந்து தியானம் செய்யலானார். ஒரு நாள் வானும் மண்ணும் சகல உயிர்களும் தம்முடன் ஒன்றாகிப் பேரொளியில் திகழ்வதைக் கண்டதாகப் பிற்காலத்தில் எழுதினார். தாமே ஞானியாகிவிட்டதாக எண்ணிச் சிரித்தார்; மக்கள் படும் துன்பத்தை நினைத்து அழுதார். உடன் பயின்றோர் அவருக்குச் சித்தம் கலங்கிற்றென்று கருதினர். ஆசிரியரிடம் விடைபெற்றுக்கொண்டு 1879இல் ஷி-சியாவ் மலைக்குச் சென்று, பௌத்த நூல்களையும் தாவோ நூல்களையும் படித்துக்கொண்டு தனித்திருந்தார்.

தியானம் பழகிய நம் உபாசகர்கள் இவ்விடத்தில் சற்று நிதானிக்க வேண்டும். ஒளி காண்பது வழியில் வரும் ஒரு நிலையேயன்றி முடிவன்று. கண்டவன் தன்னைப் பெரியவனாக எண்ணினால் பற்று இன்னும் அறவில்லை என்பது பொருள். தக்க குருவின்றி அமர்ந்த அவ்விளைஞருக்கு அதை எடுத்துச் சொல்லுவார் இல்லை. ஆனால் அந்நாளில் அவர் கற்ற ஒன்று வாழ்நாள் முழுதும் நிலைத்தது. துக்கம் என்பதே உலகைப் பற்றிய முதல் உண்மை எனக் கொண்டார். மலையை விட்டு இறங்கி, குடிகளின் துன்பத்தைத் தீர்ப்பதே தம் கடமை என முடிவு செய்தார். பௌத்த நூல்களுள்ளும் அவதம்சக சூத்திர மரபையே அவர் மிகவும் போற்றியதாக அவருடைய மாணவர் லியாங் சி-சாவ் 1901இல் எழுதிய சரிதத்தில் குறித்திருக்கிறார்.

1879இல் ஹாங்காங்கையும் 1882இல் ஷாங்காயையும் கண்டார். அந்நியர் ஆளும் அவ்விடங்களில் வீதிகள் தூய்மையாயும் நிர்வாகம் ஒழுங்காயும் இருப்பதைக் கண்டு, மேல்நாட்டாரைக் காட்டுமிராண்டிகள் எனத் தம் நாட்டார் கருதுவது பேதைமை என உணர்ந்தார். மொழிபெயர்ப்பாய்க் கிடைத்த மேல்நாட்டு நூல்களை வாங்கிக் குவித்துப் படித்தார். தம் பெண்மக்களுக்குக் கால் கட்டுவதில்லை என்று உறுதி பூண்டார். சீனத்தில் பெண் குழந்தைகளின் பாதங்களை எலும்பு மடங்கும்படி துணியால் இறுக்கிக் கட்டி வளரவிடாமற் செய்யும் கொடுமை பல நூற்றாண்டுகளாக இருந்தது. கால் கட்டாத பெண்ணை நற்குடியில் மணம் முடிப்பது அரிது. உறவினர் ஏசியும் அவர் இணங்கவில்லை. சுவடியில் எழுதிய சீர்திருத்தம் பல உண்டு; தம் வீட்டுப் படியிலேயே செய்த சீர்திருத்தம் இது ஒன்று. அக்காலில் நடந்த மகள்தான் பின்னர் இமயம் வரை தந்தையுடன் வந்தவள்.

இனி அவருடைய கொள்கைக்கு வருவோம். அரசனுக்கு ஆதியிலிருந்து வந்த வழக்கத்தை மாற்றும் துணிவு இல்லை. முன்னோர் வகுத்ததைத் தொடலாகாது என்பதே அதிகாரிகள் கூற்று. 1888இல் காங் அரசனுக்கு எழுதிய முதல் விண்ணப்பம் அரசன் கைக்கே போய்ச் சேரவில்லை. அப்போதுதான் அவர் ஒரு விந்தையான வழியைக் கண்டார். முன்னோரைக் காட்டி மறுப்பவரிடம், முன்னோரே மாற்றம் செய்தவர் என்று காட்டிவிட்டால் என்ன? 1891இல் வெளியிட்ட நூலில், அறிஞர்கள் வேதம்போற் போற்றும் பழைய சுவடிகளுட் பல, சுமார் 1900 ஆண்டுகளுக்கு முன் லியூ சின் என்பவர் அரசைக் கவர்ந்த வாங் மாங்கின் பொருட்டுப் புனைந்த போலிகள் என வாதித்தார். பின்னர், 1898இல் வெளிவந்த நூலில், கன்பூசியஸ் பழமையைப் பாதுகாத்தவர் அல்லர், தம் புதிய சட்டங்களைப் பழைய மன்னர்களின் வாயில் வைத்துச் சொன்ன சீர்திருத்தவாதியே என்று நிலைநாட்ட முயன்றார்.

இவ்வாதங்களுட் பல பிற்கால ஆராய்ச்சியில் நிற்கவில்லை. தமக்கு வேண்டிய சான்றை வைத்து வேண்டாததைத் தள்ளினார் என்று அவர் மாணவரே பின்னாளில் குறை கூறினர். ஆயினும் அதனால் விளைந்தது பெரிது. ஈராயிரம் ஆண்டு வணங்கப்பட்ட சுவடி பொய்யாயிருக்கலாம் என்று ஒரு பண்டிதர் கூறிய பின், எந்தச் சுவடியையும் ஐயுறும் உரிமை இளைஞருக்குக் கிடைத்துவிட்டது. அரசு 1894இல் முதல் நூலின் அச்சுப் பலகைகளை எரிக்க ஆணையிட்டது. வேதமென்று சொல்லி மனிதனை மனிதன் கீழே வைத்த கதையை நாம் அறிவோம். ஆதலின் சுவடியை ஐயுற்ற ஒருவர்மேல் எனக்கு இயல்பாகவே ஒரு மரியாதை தோன்றுகிறது.

அவர் கொண்ட மற்றொரு கோட்பாடு மூன்று யுகங்களைப் பற்றியது. கன்பூசிய மரபின் பழைய உரை ஒன்றிலிருந்து எடுத்து அதனைப் புதிதாய் விரித்தார். முதலாவது குழப்ப யுகம்; அதில் வல்லரசன் ஆளுவான். இரண்டாவது சிறு அமைதி யுகம். அதில் மன்னனும் சட்டசபையும் சேர்ந்து ஆளுவர். மூன்றாவது பேரமைதி யுகம். அதில் அரசரில்லை, தேசங்களில்லை, உயர்வு தாழ்வில்லை. உலகம் முழுதும் ஒன்றாகும். அதற்கு மஹா ஐக்கியம் என்று பெயர். இவற்றை ஒவ்வொன்றாகவே கடக்க வேண்டும், தாண்டிக் குதிக்கலாகாது என்பது அவர் விதி. இந்த விதியை வாசகர் நினைவில் வைக்க வேண்டுகிறேன்.

1895இல் ஜப்பானிடம் சீனம் தோற்று, ஷிமோனோசெகி உடன்படிக்கையால் தைவானை இழந்தது. அப்போது பரீட்சைக்காகத் தலைநகர் பீக்கிங்கில் கூடியிருந்த மாகாணப் பட்டதாரிகளைத் திரட்டி, உடன்படிக்கையை மறுத்துச் சீர்திருத்தம் செய்யுமாறு பெரிய விண்ணப்பம் ஒன்றைக் காங் எழுதினார். 1200க்கு மேற்பட்டோர் அதில் சேர்ந்தனர் என்பது அவர் கூற்று. அத்தொகையையும், அவ்விண்ணப்பம் உண்மையில் அளிக்கப்பட்டதா என்பதையும் ஆராய்ச்சியாளர் ஐயுறுகின்றனர். அவ்வாண்டே மிக உயர்ந்த பரீட்சையில் தேறினார்.

1898 ஜூன் 11 முதல் செப்டம்பர் 21 வரை நிகழ்ந்தவை நூறு நாள் சீர்திருத்தம் எனச் சரித்திரத்தில் பெயர் பெற்றவை. இளம் அரசர் குவாங்-சூ ஜூன் 16ஆம் நாள் காங்கை நேரில் அழைத்துப் பேசினார். அதன் பின் ஆணைகள் மழைபோற் பொழிந்தன. எட்டுக் கால் கட்டுரை என்னும் உயிரற்ற பரீட்சை முறை நீக்கப்பட்டது. பீக்கிங்கில் பல்கலைக்கழகம் ஏற்படுத்த ஆணை பிறந்தது. நூறு நாள் வேலைகளுள் நிலைத்து நின்றது அது ஒன்றே எனலாம். பயனற்ற உத்தியோகங்கள் ஒழிக்கப்பட்டன. அவற்றோடு, அரசுப் பட்டியலில் சேராத கோயில்களையெல்லாம் பள்ளிக்கூடங்களாக்குமாறு காங் விண்ணப்பித்து, ஜூலை மாதம் அவ்வாறே ஆணையும் பெற்றார். கன்பூசியஸுக்கு மட்டும் எங்கும் ஆலயம் அமைத்து, கிறிஸ்தவ சபை போலப் போதகர்களை ஏற்படுத்தி, அதையே தேச மதமாக்க வேண்டுமென்றும் கேட்டார். துக்க உண்மையைப் பௌத்தத்தில் கற்றவர், விஹாரங்களின் கூரையைப் பற்றி இவ்வாறு எண்ணினார். பிள்ளைகளுக்குப் பள்ளி வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஒரு போதகருடைய ஆலயத்தை எழுப்ப மற்றொருவருடைய ஆலயத்தை எடுப்பது சீர்திருத்தமாகாது. சீனத்துப் பிக்ஷுக்கள் அந்த ஆண்டு தொடங்கி அஞ்சிய அச்சம் பல பத்தாண்டுகள் நீடித்தது.

அரசரின் பெரியதாயாகிய சூ-சி ராணி செப்டம்பர் 21ஆம் நாள் ஆட்சியைத் தம் கையில் எடுத்து அரசரை அரண்மனையிலேயே சிறைவைத்தார். காங் அதற்கு முந்திய நாளே பீக்கிங்கை விட்டு வெளியேறியிருந்தார். ஆங்கிலேயர் உதவியால் கப்பலேறி ஹாங்காங் சேர்ந்தார். செப்டம்பர் 28ஆம் நாள் அறுவர் விசாரணையின்றிச் சிரச்சேதம் செய்யப்பட்டனர். அவர்களுள் ஒருவர் காங்கின் தம்பி குவாங்-ரென். மற்றொருவர் தான் சூ-டோங்.

தான் சூ-டோங்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை. அவர் காங்கைக் குருவாகக் கொண்டவர். நான்ஜிங்கில் யாங் வென்-ஹுய் என்னும் பெரிய உபாசகரிடம் பௌத்தம் கற்றவர். அரசன் குடிக்கும், தந்தை மகனுக்கும், கணவன் மனைவிக்கும் தலைவன் என்னும் மூன்று கட்டுகளையும் வலையெனக் கூறி அறுக்கச் சொன்னவர். மனித உறவுகளுள் நட்பு ஒன்றே ஒப்புடையதாகையால் அதுவே மற்ற உறவுகளுக்கும் இலக்கணமாக வேண்டும் என்று தம் நூலில் எழுதினார். தப்பிச் செல்ல வாய்ப்பிருந்தும், மாற்றத்திற்கு இரத்தம் சிந்துவோர் வேண்டுமெனத் தங்கிவிட்டார். அப்போது அவருக்கு 33 வயது. பின்னாளில் சீனத்துப் பௌத்த சங்கத்தைப் புதுப்பித்த தாய்-சூ பிக்ஷு இளமையில் அவருடைய நூலைப் படித்தே கிளர்ச்சியுற்றார். குரு தப்பினார், சீடர் மாண்டார் என்று காங்கை ஏளனம் செய்வோர் உண்டு. அது நியாயமன்று, இறப்பதற்கு யாரையும் வற்புறுத்தலாகாது.

காங் ஜப்பான் சென்று, அங்கிருந்து கனடா போய், 1899 ஜூலையில் விக்டோரியா நகரில் அரசரைக் காக்கும் சபையைத் தொடங்கினார். கடல்கடந்து வாழ்ந்த சீனத் தொழிலாளரும் வணிகரும் காசு சேர்த்து அனுப்பினர். 1900இல் சிங்கப்பூரிலும் பின் பினாங்கிலும் ஆங்கிலேயர் பாதுகாப்பில் இருந்தார். அவ்வாண்டு ஹான்கௌவில் அவர் தரப்பினர் முயன்ற கலகம் காட்டிக்கொடுக்கப்பட்டுத் தலைவர்கள் கொல்லப்பட்டனர். மனம் உடைந்த நிலையில்தான் அவர் இந்தியா வந்தார்.

வட இந்தியாவில் ஊர் ஊராகச் சுற்றிப் பார்த்தார். உடன் வந்தவள் இரண்டாவது மகள் டோங்-பி. புத்தர் பிறந்த நாட்டில் பௌத்தம் அருகி, இடிந்த கல்லும் மண்மேடுமாய்க் கிடப்பதைக் கண்டு வருந்தினார். இந்தியாவைக் கண்டு அவர் இருவேறு பாடங்களைப் படித்தார் எனலாம். ஒன்று அரசியல் பாடம். மாகாணங்கள் தனித்தனியே பிரிந்து நின்றமையால் இந்தியா அந்நியர் வசமாயிற்று, ஆதலால் சீனத்தில் புரட்சியும் மாகாணச் சுயாட்சியும் கூடாது என 1902இல் தம் மாணவர்க்கு நீண்ட கடிதம் எழுதினார். இரண்டாவது பாடம் சாதி. அதனை அவர் மஹா ஐக்கியம் என்னும் தம் பெருநூலில் எழுதினார். முன்னரே சிந்தித்து வந்த அந்நூல் டார்ஜிலிங்கில்தான் முழு வடிவம் பெற்றது.

அந்நூல் பத்துப் பகுதிகளாலானது. கன்பூசியஸின் பெயரைத் தாங்கிய நூல் எனினும், முதற் பகுதியைப் படிப்பவர் பௌத்த நூல் ஒன்றையே படிப்பதாக எண்ணுவர். பிறவித் துன்பம், இயற்கையால் வரும் துன்பம், வாழ்வில் வரும் துன்பம், ஆட்சியால் வரும் துன்பம், மன உணர்ச்சிகளால் வரும் துன்பம், உயர்ந்தோரென மதிக்கப்படுவோர் படும் துன்பம் என ஆறு வகையாகத் துக்கத்தைப் பகுத்து, 38 துன்பங்களை எண்ணிச் சொல்லுகிறார். பணக்காரனுக்கும் அரசனுக்கும் உள்ள துன்பமும் அக்கணக்கில் உண்டு. இத்தனைக்கும் மூலம் எல்லைகள் என்பது அவர் முடிவு. தேச எல்லை, சாதி எல்லை, நிற எல்லை, ஆண் பெண் எல்லை, குடும்ப எல்லை, தொழில் எல்லை, ஆட்சிக் குழப்ப எல்லை, உயிரின எல்லை, துன்பத்தின் எல்லை என அவை ஒன்பது. ஒன்பதையும் அகற்றினால் துக்கம் நீங்கும் என்கிறார். துக்கம், அதன் காரணம், அதன் நீக்கம், அதற்கு வழி என்ற வரிசை நம்மவர்க்குப் புதியதன்று. வேறுபாடு யாதெனில், பகவான் காரணத்தைத் தணியாத வேட்கையிலே கண்டார். காங் அதனை மனிதர் கட்டிய சுவர்களிலே கண்டார். வேட்கைதான் சுவரைக் கட்டுகிறது என்று நான் சொல்லுவேன். ஆயினும் சுவருக்குப் புறத்தே நிறுத்தப்பட்டவனிடம் முதலில் வேட்கையைப் பற்றிப் பேசுவது எளிதன்று என்பதையும் அனுபவத்தில் அறிவேன்.

சாதி பற்றிய பகுதியில், பிறப்பினால் மனிதரைப் படிப்படியாய் அடுக்கி, ஒருவர் வீட்டில் ஒருவர் மணம் கொள்ளாதபடி செய்த இந்திய முறையை அவர் கடுமையாகக் கண்டித்தார். நாட்டின் பலவீனத்திற்கு அதுவே காரணம் என்றார். புத்தர் சமத்துவம் போதித்ததை மதித்துக் குறிப்பிட்டார். சீனத்தில் பரம்பரைப் பிரபுத்துவத்தை ஒழித்த பெருமையைக் கன்பூசியஸுக்குக் கொடுத்தார். அதே வேளையில், தம் நாட்டில் அடிமைகளும், இழிகுலமென ஒதுக்கப்பட்ட மக்களும் இருப்பதை மறைக்காமல், அவ்விழிவையும் நீக்க வேண்டுமென எழுதினார். பிறர் வீட்டுக் குப்பையை மட்டும் காட்டாமல் தம் வீட்டுக் குப்பையையும் காட்டியது நேர்மை.

மற்றப் பகுதிகளில் உலகப் பாராளுமன்றம் பேசப்படுகிறது. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் முதியோருக்கும் பொது இல்லங்கள் பேசப்படுகின்றன. ஆலைகளும் நிலங்களும் பொதுவுடைமையாதல் பேசப்படுகிறது. ஆணும் பெண்ணும் ஒரு மாதத்திற்குக் குறையாமலும் ஓராண்டிற்கு மிகாமலும் ஒப்பந்தம் செய்து கூடி வாழலாம், விரும்பினால் புதுப்பிக்கலாம் என்று எழுதியதைப் படித்து நான் சற்றுத் திகைத்தேன். உயிர்க்கொலை ஒழிந்து புலாலுக்கு மாற்று உணவு வரும் என்றும் சொல்லுகிறார். யாவும் நிறைவேறிய பின் கன்பூசியஸின் வேலை முடிந்துவிடும். அப்பால் மக்கள் சாகாக் கலையையும், அதன் பின் புத்தரின் போதனையையும், கடைசியில் வானுலகில் உலவும் கல்வியையும் நாடுவர் என முடிக்கிறார்.

இவ்வளவும் படித்து மகிழும் நேரத்தில் நிற எல்லை பற்றிய பகுதி வருகிறது. அங்கே எழுதியிருப்பதை மறைத்துவிட்டு அவரைப் புகழ்வது வாசகருக்குச் செய்யும் வஞ்சனையாகும். வெள்ளையரும் மஞ்சள் நிறத்தாரும் விரைவில் ஒன்றாகிவிடுவர், ஆனால் பழுப்பு நிறத்தாரும் கறுப்பு நிறத்தாரும் அழகிலும் அறிவிலும் தாழ்ந்தவர், அவர்களைக் குளிர் நாடுகளுக்குக் குடியேற்றியும், உணவை மாற்றியும், கலப்பு மணம் செய்வித்தும் காலப்போக்கில் வெளுப்பாக்கிவிட வேண்டும் என்பது அவர் திட்டம். கறுப்பரை மணக்க முன்வரும் பிறருக்குப் பதக்கம் கொடுக்கலாமாம். நோயுற்றவரும் மிகக் கீழானவரும் சந்ததியற்றுப்போகச் செய்யலாம் என்றும் எழுதினார். சாதியை அறுக்க எடுத்த பேனாவே இதையும் எழுதிற்று. அக்கால மேல்நாட்டு நூல்களில் நிறைந்திருந்த இனவாதத்தை அப்படியே நம்பிவிட்டார் என்று சிலர் சமாதானம் கூறுவர். பழைய சுவடிகளை அத்தனை கூர்மையாய் ஐயுற்றவர், புதிய நூல்களை ஏன் ஐயுறவில்லை என்று நான் கேட்கிறேன். ஒருவனைச் சமமாக்குவது வேறு; அவன் இல்லாதபடி அழித்து எல்லாரும் சமம் என்பது வேறு.

மற்றொரு குறையும் உண்டு. மஹா ஐக்கியம் மூன்றாம் யுகத்திற்கு உரியது, இப்போது வெளியிட்டால் உலகம் குழம்பிவிடும் என்று கூறி அந்நூலை அவர் பெட்டியிலேயே பூட்டி வைத்தார். நெருங்கிய மாணவர் சிலரே கண்டனர். வெளியே அவர் பேசியதெல்லாம் அரசரைக் காக்க வேண்டும், புரட்சி கூடாது, படிப்படியாகவே செல்ல வேண்டும் என்பதே. நான் ஆலையில் இருந்த காலத்தில் ஒரே பஞ்சுத் தூசியை எல்லாரும் சுவாசித்தோம். ஆனால் குடிதண்ணீர்க் குவளை எங்களுக்கு வேறாக இருந்தது. அதைப்பற்றி நல்ல மனமுடைய மேஸ்திரி ஒருவரிடம் கேட்டபோது, நீ சொல்வது நியாயந்தான், ஆனால் காலம் வர வேண்டும் என்ற கருத்தில் அன்பாகவே பதில் சொன்னார். அவர் கெட்டவரல்லர். காலத்திற்காகக் காத்திருக்க அவருக்குத் தாகமில்லை, அவ்வளவே.

இந்தியாவை விட்ட பின் அவர் பல தேசங்களில் திரிந்தார். அஞ்ஞாதவாசம் மொத்தம் 16 ஆண்டு. கண்ட நாடுகள் 31 என அவரே கணக்கிட்டார். 1908 நவம்பரில் குவாங்-சூ அரசர் இறந்தார். அவர் நஞ்சினால் இறந்தார் என்ற வதந்தி உண்மையே என்பதை 2008இல் அவருடைய முடியைச் சோதித்த ஆராய்ச்சியாளர் அறிவித்தனர். 1911 புரட்சியில் முடியாட்சி வீழ்ந்தது. 1912இல் குடியரசு பிறந்தது. காங் 1913ஆம் ஆண்டின் இறுதியில் தாயாரின் மறைவை ஒட்டித் தாயகம் திரும்பினார்.

குடியரசின் கல்வி மந்திரி சாய் யுவான்-பெய் பள்ளிகளில் கன்பூசியஸ் வணக்கத்தை நிறுத்தியிருந்தார். காங்கின் மாணவர் சென் ஹுவான்-சாங் 1912 அக்டோபரில் ஷாங்காயில் கன்பூசிய மத சங்கத்தைத் தொடங்கினார். காங் அதன் தலைவரானார். மன்னன் போன பின் நாட்டை ஒன்றாய்க் கட்டிவைக்க ஒரு மதம் வேண்டும், அது கன்பூசிய மதமே என்பது அவர் வாதம். அதனை அரசியல் சட்டத்தில் தேச மதமாக எழுதுமாறு விண்ணப்பங்கள் சென்றன. கிறிஸ்தவரும் பௌத்தரும் ஏனைய மதத்தாரும் எதிர்த்தனர். 1913 சட்ட நகலில் தேச மதம் என்ற சொல் இடம்பெறவில்லை. தேசியக் கல்வியில் கன்பூசியஸின் போதனை ஒழுக்கப் பயிற்சிக்கு அடிப்படை என்ற வாசகம் மட்டும் சேர்க்கப்பட்டது. அதுவும் 1917இல் நீக்கப்பட்டது. சென் டு-சியூ என்ற இளம் ஆசிரியர் 1916இல் காங்கை மறுத்து எழுதினார். உயர்ந்தோர் தாழ்ந்தோர் என்னும் படிகளின்மேல் நிற்கும் போதனை, யாவரும் சமம் என்னும் குடியரசுக்குப் பொருந்தாது என்பதும், ஒரு மதத்தைத் தேச மதமாக்குவது பிற மதத்தாரின் சுதந்திரத்தைப் பறிப்பதாகும் என்பதும் அவர் எழுதியவற்றின் கருத்து. அச்சொல்லில் நான் சென் டு-சியூவின் பக்கம் நிற்பவன்.

1917 ஜூலை 1ஆம் நாள் சாங் சுன் என்ற சேனாதிபதி, சிறுவராயிருந்த முன்னாள் அரசரை மீண்டும் சிம்மாசனத்தில் அமர்த்தினார். காங்கும் அதில் பங்கு கொண்டு பெரும் பதவி ஏற்றார். அந்நாடகம் 12 நாளில் முடிந்தது. அறுபதை நெருங்கிய அறிஞர் அமெரிக்கத் தூதரகத்தில் ஒளிந்துகொள்ள நேர்ந்தது. அவருடைய மாணவராகிய லியாங் சி-சாவ் எதிர்ப்பக்கத்தில் நின்றார்.

அவருடைய இறுதி ஆண்டுகளை விரித்துரைக்க விருப்பமில்லை. ஒருவனுக்கு ஒருத்தி என்பதையும் கடந்த சமத்துவத்தை எழுதியவர், தம் வாழ்வில் ஆறு மனைவியரைக் கொண்டார். 1923ஆம் ஆண்டின் இறுதியில் சீ-ஆன் நகருக்கு விருந்தினராய்ச் சென்றவர், அங்குள்ள பௌத்த ஆலயத்தில் சுங் காலத்தில் தொடங்கி அச்சிடப்பட்ட திரிபிடகத்தைக் கண்டு ஆசைப்பட்டு வண்டியில் ஏற்றுவித்தார். பிக்ஷுக்களுடன் மாற்றிக்கொள்ள இசைவு பெற்றதாக அவர் சொன்னார். ஊரார் திருட்டென்று கூவினர். ஏடுகள் திரும்ப வைக்கப்பட்டன. அந்தத் திரிபிடகம் 1930களில் ஷாங்காயில் மறு அச்சாகி எங்கும் பரவியது நமக்கு ஆறுதல்.

1927 மார்ச் 31ஆம் நாள் சிங்டாவ் நகரில் காங் யூ-வெய் காலமானார். 1966இல் கலாசாரப் புரட்சியின்போது செங்காவலர் அவர் கல்லறையைத் தோண்டி, மண்டையோட்டை வீதியில் கொண்டு திரிந்தனர். 1985இல் அதே நகரில் மீண்டும் அடக்கம் செய்யப்பட்டது.

மண்டையோடு வீதியில் கிடந்த நாட்டில் இன்று அவர் மீண்டும் படிக்கப்படுகிறார். 2011 ஜனவரியில் பீக்கிங்கின் பெருஞ் சதுக்கத்தருகே கன்பூசியஸின் பெரிய சிலை வைக்கப்பட்டு, ஏப்ரலில் ஓசையின்றி அகற்றப்பட்டது. பல்கலைக்கழக ஆசிரியர் சிலர் தம்மைப் புதிய காங் யூ-வெய் நெறியினர் எனச் சொல்லிக்கொள்ளுகின்றனர். மாவோவின் மனைவியின் பெயரோடு ஒலியில் ஒத்த ஜியாங் சிங் என்னும் அறிஞர், மூன்று அவைகள் கொண்ட கன்பூசிய அரசியல் சட்டம் ஒன்றைத் திட்டமிட்டிருக்கிறார். ஓர் அவை மக்கள் தேர்ந்தெடுப்பது. ஓர் அவை கன்பூசியப் பண்டிதர்களுடையது. மூன்றாவது அவையில் கன்பூசியஸின் வம்சத்தாரும், பழைய மன்னர், பெரியோர் வம்சத்தாரும் அமர்வர். வம்சத்தால் ஓர் இருக்கை என்பதைப் படித்த உடனே நம்மவர் எவரும் ஏட்டைக் கீழே வைத்துவிட்டுச் சற்று யோசிப்பர். இப்புதியோருட் பெரும்பாலார் காங்கிடமிருந்து எடுத்துக்கொள்வது, குடியரசுக்குப் பின் அவர் எழுதிய தேச மத வாதங்களையே. டார்ஜிலிங் நூலை அவர்கள் அடக்கமாகவே தொடுகின்றனர்.

அந்நூல் அச்சான வரலாறு ஒன்று எஞ்சியிருக்கிறது. 1913இல் காங் தாமே நடத்திய பத்திரிகையில் பத்துப் பகுதிகளுள் இரண்டை வெளியிட்டார். முதலாவது துன்பங்களைப் பற்றியது; இரண்டாவது தேச எல்லையைப் பற்றியது. அத்துடன் நிறுத்திக்கொண்டார். 1919இல் புத்தகமாய் வந்தவையும் அவ்விரண்டே. மூன்றாவது பகுதி சாதி எல்லையைப் பற்றியது. அவர் இறந்து எட்டு ஆண்டுகள் கழித்து, 1935இல், மாணவர் ஒருவர் முழு நூலையும் பதிப்பித்தபோதுதான் அது அச்சேறியது.